52 எக்ஸ் வேண்டுமா, 24 எக்ஸ் போதுமா?

கேள்வி (கரூர் வாசகி): அப்பாவிடம் பழைய சி.டி. பிளேயர் ஒன்று இருக்கிறது, பென்டிரைவெல்லாம் அவருக்கு ஒத்துவராது. மாதம் இரண்டு மூன்று பாட்டு சி.டி. போட்டுக் கொடுக்க, வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு சி.டி. ரைட்டர் மாட்டலாம் என்று பார்க்கிறேன். ஒரு கடையில் 52 எக்ஸ் வேகத்தில் எழுதுவதை வாங்கச் சொல்கிறார்கள், இன்னொருவர் டி.வி.டி. ரைட்டரே வாங்குங்கள் என்கிறார், மூன்றாவது கடைக்காரர் 'இதையெல்லாம் இப்ப யாரும்மா வாங்குறாங்க' என்று சிரிக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சிரித்தவரை விடுங்கள், அவரிடம் ஸ்டாக் இருக்காது. டி.வி.டி. ரைட்டர் வாங்கச் சொன்னாரே, அவர் சொன்னதைக் கேளுங்கள். சி.டி.யை மட்டும் எழுதும் டிரைவைத் தேடி அலைய வேண்டாம், இப்போது கிடைக்கும் டி.வி.டி. ரைட்டர்கள் சி.டி.யையும் எழுதும். 52 எக்ஸ் என்று போட்ட தனி சி.டி. ரைட்டர் யாராவது நீட்டினால், அது பெரும்பாலும் பல வருடம் முன்பு யாரோ கழற்றிப் போட்டதாக இருக்கும். உள்ளே லேசர் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த எக்ஸ் கணக்கைத்தான் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 1 எக்ஸ் என்றால் நொடிக்கு 150 கிலோபைட், அதாவது 80 நிமிடப் பாட்டு பிடிக்கும் 700 எம்.பி. சி.டி.யை எழுத அதே 80 நிமிடம். அப்படியானால் 52 எக்ஸில் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட வேண்டாமா என்றால், முடியாது. ராட்டினத்தில் நடுவில் உட்கார்ந்தவரையும் ஓரத்தில் உட்கார்ந்தவரையும் நினைத்துக்கொள்ளுங்கள், சுற்றுவது ஒன்றாகத்தான், ஆனால் ஓரத்தில் இருப்பவர் கடக்கும் தூரம் அதிகம். சி.டி.யில் எழுதுவது நடுவில் தொடங்கி வெளியே போகிறது, 52 எக்ஸ் வேகம் கடைசியில் ஓரத்துக்கு வரும்போதுதான் கிடைக்கும். அதனால் 52 எக்ஸில் மூன்று நிமிடம், 24 எக்ஸில் நாலு ஐந்து நிமிடம், அவ்வளவுதான் வித்தியாசம். மாதம் மூன்று சி.டி. போடுகிற உங்களுக்கு அந்த இரண்டு நிமிடத்தில் அடுப்பில் பால் கூடப் பொங்காது.

வேகத்தை மறந்துவிட்டு, உங்கள் சி.பி.யு. பெட்டியின் முன்பக்கத்தைப் பாருங்கள். அகலமாக, மூடி போட்ட ஒரு இடம் (ஐந்தே கால் அங்குலம் என்பார்கள்) இருந்தால் உள்ளே மாட்டும் சாட்டா டிரைவ் (மதர்போர்டோடு மெல்லிய கேபிளில் இணைவது) வாங்குங்கள். சாட்டா கேபிளையும் சேர்த்துக் கேளுங்கள், அட்டைப் பெட்டியில்லாமல் விற்கும் டிரைவோடு பல நேரம் கேபிள் வராது, வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஞாபகம் வரும். புதிய கேபினெட் பலவற்றில் அந்த இடமே கிடையாது, அப்போது யு.எஸ்.பி.யில் செருகும் ஒல்லி டிரைவ்தான் வழி. அதை எழுத விடும்போது முன்பக்கத்து யு.எஸ்.பி.யிலோ ஹப்பிலோ செருகாமல் பின்பக்கம் மதர்போர்டிலேயே செருகுங்கள். கரண்ட் போதாமல் பாதியில் நின்று சி.டி. வீணாவது இதனால்தான் அதிகம். எல்.ஜி., ஏசுஸ், லைட்-ஆன் எதுவானாலும் இந்த வேலைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, உங்கள் ஊரில் மாற்றித் தருகிற கடை எதுவோ அங்கே வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. ஒரு கடையில் 'ரைட்டர்தான் சார்' என்று கொடுத்ததை வாங்கி வந்து மாட்டி, சி.டி.யைப் போட்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் முகப்பைப் பார்த்தேன், டி.வி.டி. ரோம் (ROM) என்று போட்டிருந்தது. அது படிக்க மட்டும்தான், எழுதாது. முகப்பில் 'ஆர்.டபிள்யூ.' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். காம்போ என்று ஒன்று இருந்தது, டி.வி.டி.யைப் படிக்கும், சி.டி.யை மட்டும் எழுதும். சும்மா கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அப்பாவின் பிளேயர் எதைப் படிக்கும் என்பது டிரைவை விட முக்கியம். அதன் மேல் எம்.பி.3 என்று இல்லையென்றால் ஆடியோ சி.டி.யாகத்தான் எழுத வேண்டும், 80 நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. எம்.பி.3 இருந்தால் அதே 700 எம்.பி.யில் 128 கே.பி.பி.எஸ். (நொடிக்கு 128 கிலோபிட்) அளவில் சுருக்கிய பாட்டு பன்னிரண்டு மணி நேரம் கொள்ளும். தட்டு, ஒரே முறை எழுதக்கூடிய சி.டி.-ஆர் ஆக இருக்கட்டும். திரும்பத் திரும்ப எழுதலாமே என்று சி.டி.-ஆர்.டபிள்யூ. வாங்கினால், அது ஒளியைத் திருப்பி அனுப்புவது மிகக் குறைவு, பழைய பிளேயரின் கண்ணுக்குத் தெரியாமலே போகும். எழுதும்போது 16 எக்ஸ் வைத்தால் போதும்.

கேள்வி (தேனி வாசகர்): விண்டோஸிலேயே பாட்டை இழுத்துப் போட்டு எழுதினேன். கம்ப்யூட்டரில் பாடுகிறது, காரில் போட்டால் துப்பிவிடுகிறது. டிரைவ் கோளாறா?

பதில்: டிரைவ் மேல் பழி போடாதீர்கள். வெற்று சி.டி.யைப் போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்டிருக்கும், பென்டிரைவ் மாதிரி வேண்டுமா, சி.டி. டி.வி.டி. பிளேயருக்கு வேண்டுமா என்று. முதலாவதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், எல்லாரும் அதைத்தான் அழுத்துகிறோம். அந்த அமைப்பு கார் பிளேயருக்குப் புரியாது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து வேறு சி.டி.யில் எழுதுங்கள். கார் பிளேயரில் எம்.பி.3 வசதி இல்லையென்றால், விண்டோஸ் மீடியா பிளேயரில் 'பர்ன்' பக்கம் போய் ஆடியோ சி.டி. என்று கொடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): 2003-இல் வாங்கிய கம்ப்யூட்டரின் சி.டி. ரைட்டர் இன்னும் நன்றாக இருக்கிறது. புதிய கம்ப்யூட்டரில் மாட்டலாமா?

பதில்: அகலப் பட்டை கேபிள் என்றால் அது ஐ.டி.இ. என்ற பழைய இணைப்பு, இன்றைய மதர்போர்டில் அதற்கு இடமில்லை. மாற்றி இணைக்கும் அடாப்டர் உண்டு, ஆனால் அந்தக் காசைப் புது டிரைவில் போடுவேன் நான்.

கேள்வி (கரூர் வாசகியே மறுபடியும்): சி.டி. மேல் பாட்டுப் பட்டியலை எழுதி வைக்கலாமா?

பதில்: மார்க்கரில் எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா வேண்டவே வேண்டாம். சி.டி.யில் பதிவு இருக்கிற அடுக்கு அடியில் இல்லை, நீங்கள் எழுதுகிற மேல் பக்கத்துக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது, முனை அழுத்தினால் பாட்டு போச்சு. ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள், சுற்றும்போது ஆட்டம் கொடுக்கும். வீணானவற்றை மொட்டை மாடியில் கட்டித் தொங்கவிட்டால் புறா வராது என்கிறார்கள், எங்கள் வீட்டுப் புறா வந்து அதில் முகம் பார்க்கிறது.