எத்தனை மணி நேரம் ஆச்சு? – கேள்வி பதில்

கேள்வி: நேற்று இரவு ஆணுறை இல்லாமல் உறவு வைத்துக்கொண்டேன். அந்த நபரைப் பற்றி எதுவும் தெரியாது. மூன்று மாதம் கழித்து எச்ஐவி டெஸ்ட் எடுத்தால் போதும் என்கிறான் நண்பன்.

பதில்: டெஸ்டுக்குக் காத்திருக்கலாம், மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கக் கூடாது. இன்றைக்கே கிளம்புங்கள். எச்ஐவி தொற்றைத் தடுக்க 'பெப்' என்ற மருந்து உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 72 மணி நேரம் இருக்கிறதே என்று இழுக்காதீர்கள், முந்தத் தொடங்கினால்தான் பலன் அதிகம். உங்களுக்கு அது தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். உள்ளே போய் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்ற தயக்கத்திலேயே பலர் இந்த நேரத்தைக் கோட்டை விடுகிறார்கள். "ஆணுறை இல்லாமல் உறவு, இத்தனை மணி நேரம் ஆச்சு." இவ்வளவு சொன்னால் போதும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றுக்குத் தடுப்பூசி போட்டதில்லை என்றால் அதையும் அங்கேயே கேளுங்கள். கரு தங்கும் வாய்ப்பு இருந்தால், அவசர கருத்தடை மாத்திரையை 5 நாளுக்குள் சாப்பிட வேண்டும். அதிலும் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கேள்வி: உறவு வைத்து 12 நாள் ஆகிறது. எச்ஐவி நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இப்போதைக்கு இல்லை. கிருமி உள்ளே வந்திருந்தாலும் டெஸ்டில் பிடிபடச் சில வாரங்கள் ஆகும். நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்க்கும் நான்காம் தலைமுறை டெஸ்ட் என்றால் 45 நாள் கழித்து வரும் நெகட்டிவை நம்பலாம். விரலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் என்றால் 90 நாள். பெப் சாப்பிட்டவர்களுக்குக் கணக்கு வேறு, மருத்துவர் தரும் தேதிகளில் போங்கள்.

அப்புறம், எச்ஐவியோடு நிறுத்திவிடாதீர்கள். உறவால் பரவும் வேறு தொற்றுகளான கிளமிடியா, கொனோரியா இரண்டையும் 2 வாரம் கழித்துப் பார்த்துவிடலாம். சிறுநீரில் பார்ப்பதாக இருந்தால், அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள். வாய்வழி, ஆசனவாய்வழி உறவு இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அங்கே உள்ள தொற்று சிறுநீரில் தெரியாது.

கேள்வி: எனக்கு அறிகுறியே இல்லையே?

பதில்: கிளமிடியா வந்த பலருக்கும் அப்படித்தான். சிபிலிஸ் என்ற இன்னொரு பால்வினை நோயில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது, சில வாரத்தில் தானாக ஆறியும்விடும். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும்.

கேள்வி: நாக்கு வெள்ளையாக இருக்கிறது, தொண்டை வலிக்கிறது. எய்ட்ஸா?

பதில்: கண்ணாடி முன் நின்று, செல்போன் டார்ச்சை வாய்க்குள் அடித்து, மணிக்கு ஒரு தடவை நாக்கைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள், சரியா? என்னிடம் பேசிய பலரும் இதைச் செய்தவர்கள்தான். தூக்கமின்மையிலும் சாதாரண சளியிலும் இதே தொண்டை வலி வரும். நாக்கை வைத்து எச்ஐவியைச் சொல்ல யாராலும் முடியாது. டெஸ்ட் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, டார்ச்சை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பாதுகாப்புக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்ளட்டுமா?

பதில்: நீங்களாக வேண்டாம். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்பது டெஸ்டில்தான் தெரியும். அரைகுறை மருந்து நோயை மறைத்துவிடும்.

கேள்வி: மனைவியிடம் எப்படிச் சொல்வேன்?

பதில்: அது கடினம்தான். ஆனால் எல்லா ரிசல்ட்டும் வரும்வரை அவருடன் ஆணுறை இல்லாமல் உறவு கூடாது. ஏதாவது பாசிட்டிவ் என்றால் அவரும் டெஸ்ட் எடுக்க வேண்டும், சிகிச்சை இருவருக்கும் நடக்க வேண்டும். தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லையா? டெஸ்ட் எடுக்கும் இடத்தில் உள்ள ஆலோசகரிடம் கேளுங்கள், இருவரையும் உட்கார வைத்துப் பேச உதவுவார்.