எழுதி எழுதிப் படித்தும் பிசியாலஜி நினைவில் நிற்கவில்லை

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். இப்போது பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டர். அனாட்டமி (உடலமைப்பு), பிசியாலஜி (உடலியக்கம்) இரண்டையும் இரவு ஒரு மணி வரை எழுதி எழுதிப் படிக்கிறேன். காலையில் பாதி மறந்துவிடுகிறது. முதல் இன்டர்னலில் பிசியாலஜியில் ஃபெயில். செல் சவ்வின் வழியே பொருள்கள் கடப்பதைப் பற்றிய முதல் பாடமே விளங்கவில்லை. நோயாளியைக் கவனிக்கப்போகிறவளுக்கு அது எதற்கு என்றும் தெரியவில்லை. ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கு ஈடுகொடுக்க முடியுமா, வேறு படிப்புக்கு மாறிவிடுவது நல்லதா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள மாணவிக்கு, ஒரு இன்டர்னல் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு படிப்பை மாற்றும் முடிவை எடுக்காதீர்கள். உங்கள் உழைப்பில் குறையில்லை. உழைக்கும் விதம்தான் பிசியாலஜிக்குப் பொருந்தவில்லை. அனாட்டமியில் ஓரளவு மனப்பாடம் தவிர்க்க முடியாதது. வளர்ந்த மனிதரின் 206 எலும்புகளுக்கும் யாரோ பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், நாம் படித்துத்தான் ஆக வேண்டும். பிசியாலஜி அப்படியல்ல, ஒன்று நடப்பதால் அடுத்தது நடக்கிறது என்று காரணமும் விளைவுமாகச் செல்லும் பாடம் அது. இடையில் ஒரு காரணத்தை விட்டுவிட்டு மீதியை உருப்போட்டால், நீங்கள் சொல்வதுபோல் காலையில் பாதிதான் மிஞ்சும்.

எதற்கு என்று தெரியவில்லை என்கிறீர்களே, அந்தச் சவ்வுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். சிறுகுடலின் உட்சுவரிலுள்ள செல்களில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. அது இரண்டு சோடியம் அயனிகளையும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறையும் சேர்த்துத்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும். அதே செல்லின் மறுபுறத்தில் இயங்கும் சோடியம்–பொட்டாசியம் பம்ப், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து, மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்தபடி இருப்பதால், செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கிறது. அந்தக் குறைவுதான் குடலிலுள்ள சோடியத்தை உள்ளே வரவழைக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் உள்ளே போனதும், சவ்வூடு பரவலால் தண்ணீரும் பின்னாலேயே போகிறது. காலராவில் குடலிலிருந்து நீர் கொட்டினாலும் இந்தக் கடத்தி மட்டும் கெடுவதில்லை. வயிற்றுப்போக்கின்போது வெறும் உப்புத் தண்ணீரைக் கொடுத்தால் பெரிய பயன் இல்லாததற்கும், உப்போடு குளுக்கோஸைச் சேர்த்துக் கொடுத்தால் உடல் நீரை ஏற்றுக்கொள்வதற்கும் காரணம் இதுதான். நம் வீடுகளில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கொடுப்பதும் இதே கணக்குத்தான். அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைகிறது.

1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போங்கான் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைத் தயாரித்து, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்றக் கரைசல்) பொட்டலத்தில் 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் சோடியம் குளோரைடும் இருக்கின்றன. நாளை உங்கள் வார்டில் ஒரு தாய் அந்தப் பொட்டலம் முழுவதையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குவார். அடர்த்தி கூடிய கரைசல் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும், உடலில் சோடியமும் அளவுக்கு மீறும் என்று நீங்கள்தான் அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டியிருக்கும். முதல் பாடம் அதற்குத்தான்.

எல்லாப் பாடத்தையும் இப்படி ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ரத்தத்திலிருந்து ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன, சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எங்கே போனது என்று கேட்டுக்கொண்டு படித்தால், சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியான நெஃப்ரானின் ஒவ்வொரு பகுதிக்கும் என்ன வேலை என்பது தானாக வரிசைப்படும். ரத்த அழுத்தப் பாடத்துக்குப் புத்தகம்கூட வேண்டாம். ஐந்து நிமிடம் படுத்திருந்து மணிக்கட்டில் நாடியை எண்ணுங்கள். பிறகு எழுந்து நின்றதும் எண்ணுங்கள், கூடியிருக்கும். ரத்தம் கால்களில் தேங்குகிறது, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது, கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் அதை மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கின்றன, துடிப்பு கூடுகிறது. இதைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வெற்றுத்தாளில் அம்புக்குறி போட்டு எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் தேடிப் படித்து, இரண்டு நாள் கழித்து மறுபடியும் வரையுங்கள். புத்தகத்தைப் பார்த்துப் பத்து முறை எழுதுவது கைக்கு வேலையே தவிர மூளைக்கு அல்ல. அதைத் தண்டனையாகவே கொடுக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள், என்ன செய்வது!

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, உங்கள் கையில் ஒரு நல்ல துணை ஏற்கெனவே இருக்கிறது. பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடநூலில் செரித்தல், சுவாசம், சுற்றோட்டம், கழிவு நீக்கம், நரம்பு மண்டலம், நாளமில்லாச் சுரப்பிகள் எல்லாம் தமிழிலேயே உள்ளன. பழைய பிரதி இல்லையென்றால் இணையத்தில் அரசே இலவசமாகத் தருகிறது. வகுப்புக்கு முந்தின இரவு அந்தப் பகுதியைத் தமிழில் வாசித்துவிட்டுப் போனால், வகுப்பில் நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது பெயர்களை மட்டுமே. தேர்வில் ஐந்தாறு சொற்களில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி, பக்கத்தில் பாகம் குறித்த படம் போடுங்கள்.

இந்த வாரமே திருத்திய விடைத்தாளை எடுத்துக்கொண்டு பாட ஆசிரியரிடம் போங்கள். எந்த மதிப்பெண் விஷயம் தெரியாததால் போனது, எது ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாததால் போனது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. இரவு ஒரு மணி வரை விழித்திருப்பதையும் நிறுத்துங்கள், படித்தது பதிவதற்குத் தூக்கம் வேண்டும். வார்டுக்குப் போகும் நாள்களில் நோயாளியின் அருகில் நிற்கவே உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், அப்போது படிப்பை மாற்றுவதைப் பற்றி எழுதுங்கள். அதைப் பற்றிப் பேசலாம்.