பூமி முன்பும் சூடாகியிருக்கிறது, கடல் உயிர்கள் தாங்கிக்கொண்டன. இப்போது மட்டும் ஏன் கவலைப்பட வேண்டும்?

தாங்கிக்கொண்டன என்பது பாதி சரி. நான் காரைக்குடியில் பள்ளி மாணவர்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் வகுப்பில் ஒரு மாணவி இதே கேள்வியைக் கேட்டாள். அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அதன் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன்.

எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து தொடங்குகிறேன். கானாடுகாத்தானில் ஐயா காலத்து வீடு, கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. கிளிஞ்சலைக் காளவாசலில் சுட்டு, நீற்றி, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு விட்டுத் தேய்த்திருக்கிறார்கள். இன்றைக்கும் கை வைத்தால் வழுக்கும். சுடும்போது கிளிஞ்சலை விட்டுப் போன கரியமில வாயு, பூசிய பிறகு காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து சுண்ணாம்போடு சேரும். வேதியியல் கணக்கில் பார்த்தால் சுவர் மறுபடியும் கிளிஞ்சலாகிறது. (காரைக்குடி என்ற பெயர் காரைச் செடியால் வந்தது என்பார்கள். எனக்கு என்னவோ சுண்ணாம்புக் காரைதான் நினைவுக்கு வரும்.)

அந்த வீட்டில் அப்பத்தா ஒரு விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. பளிங்குத் தரையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டுக்கூடச் சிந்தக் கூடாது. சிந்திய இடம் மங்கிப்போகும், அப்புறம் எவ்வளவு துடைத்தாலும் பழைய பளபளப்பு வராது. பளிங்கு, சுவர்ப் பூச்சு, கிளிஞ்சல் மூன்றுமே கால்சியம் கார்பனேட்தான். புளிப்பு பட்டால் கரையும்.

5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பேலியோசீன் என்ற புவியியல் காலம் முடிந்து இயோசீன் காலம் தொடங்கிய நேரத்தில், கடலடியில் இப்படிக் கரைவதுதான் பெரிய அளவில் நடந்தது. சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் ஏராளமான கார்பன் காற்றிலும் கடலிலும் கலந்தது. கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் புளிப்பு உண்டாகும். வட அட்லாண்டிக் எரிமலைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. உலகச் சராசரி வெப்பம் 5 முதல் 6 டிகிரி ஏறியது. 1991ல் கென்னட், ஸ்டாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அண்டார்டிக்காவை ஒட்டிய வெடல் கடலின் அடியில் துளையிட்டு எடுத்த மண்ணில் இந்தச் சூட்டின் தடத்தைத் தெளிவாகக் காட்டினார்கள்.

என்னை உலுக்கியது 2003ல் தென் அட்லாண்டிக்கில் வால்விஸ் என்ற கடலடி மேட்டில் எடுத்த மண். குழாயில் உருவி எடுத்த அந்த மண் தூணின் படத்தைப் பாருங்கள். கீழே வெள்ளைச் சேறு. அது முழுக்க நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடு. திடீரென்று ஒரு கோடு, அதற்கு மேல் செங்களிமண். சுண்ணாம்பு கரைந்துபோக மிஞ்சிய களிமண் அது. அதற்கும் மேலே மெல்ல மெல்ல வெள்ளை திரும்புகிறது. கடலில் ஓர் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு தங்காது, கரைந்துவிடும். அந்த எல்லை அப்போது 10,000 ஆண்டுகளுக்குள் 2 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்துவிட்டது. கடல் எலுமிச்சைச் சாறு போலப் புளித்துவிடவில்லை, காரத்தன்மைதான் கொஞ்சம் குறைந்தது. ஓடு கரைய அதுவே போதுமாக இருந்தது.

அடியில் வாழ்ந்தவை அதிகம் செத்தன. ஃபோராமினிஃபெரா என்று ஒற்றைச் செல் உயிர்கள் உண்டு. மணல் பருமன்தான் இருக்கும், பலவற்றுக்குச் சுண்ணாம்பு ஓடு. ஆழ்கடல் தரையில் வாழ்ந்த அவற்றின் இனங்களில் 30 முதல் 50 சதவீதம் அழிந்தன. இதே கூட்டம் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை முடித்த பேரழிவைப் பெரிய சேதமில்லாமல் தாண்டி வந்தது. விண்கல்லுக்குத் தப்பியவை, சூடும் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவும் சுண்ணாம்பு கரைவதும் சேர்ந்து வந்தபோது தப்பவில்லை.

மேலே மிதந்தவற்றின் கதை வேறு. அவற்றில் பலவும் துருவங்களை நோக்கி இடம் பெயர்ந்தன. அபெக்டோடினியம் என்ற வெந்நீர் விரும்பி மிதவை உயிர் ஆர்க்டிக் வரைக்கும் போயிருக்கிறது. 2004ல் ஆர்க்டிக் கடலடியில் துளையிட்டபோது அதன் தடம் கிடைத்தது. அங்கே கடல் மேற்பரப்பு அப்போது சுமார் 23 டிகிரி! மீன்களும் ஓரளவு தாங்கின. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் அந்தச் சூட்டுக் காலத்து மீன் படிமங்கள் பல வகையாகக் கிடைத்ததை 2021ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆக, உங்கள் கேள்வியில் இருக்கும் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.

ஆனால் நகர இடம் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் வீட்டில் மத்தியானம் யாரும் முகப்பில் இருக்க மாட்டோம், உள்கட்டுக்குப் போய்விடுவோம். ஏற்கெனவே உள்கட்டில் இருப்பவர் எங்கே போவார்? 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் என்ற புவியியல் காலத்தின் முடிவில், சைபீரிய எரிமலைகளால் வெப்பமண்டலக் கடல் ஏறக்குறைய 10 டிகிரி சூடானது. கடல் இனங்களில் பத்துக்கு ஒன்பது போல அழிந்தன. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் உயிர்வளி குறையும், உடலுக்கோ அது கூடுதலாகத் தேவைப்படும். இதை வைத்துக் கணக்கிட்ட 2018 ஆய்வு ஒன்று, துருவப் பக்கம் வாழ்ந்தவையே அதிகம் அழிந்திருக்கும் என்று சொன்னது. குளிர்ந்த நீரை நம்பியவற்றுக்கு அதைவிடக் குளிர்ந்த இடம் மிச்சமில்லை.

பவளம் பற்றியும் சொல்ல வேண்டும். இயோசீன் தொடக்கத்துச் சூட்டில் பவள உயிர்கள் அடியோடு ஒழியவில்லை. ஆனால் அன்று இந்தியாவுக்கு வடக்கே இருந்து பிறகு மூடிப்போன டெத்திஸ் என்ற பழைய கடலின் ஓரங்களில் பாறை பாறையாக மேடு கட்டும் வேலை பெரும்பாலும் நின்றுபோனது. அந்த இடத்தைப் பிடித்தவை பெரிய ஃபோராமினிஃபெராக்கள், குறிப்பாக நம்முலைட். காசு மாதிரி தட்டையாக இருப்பதால் லத்தீனில் சின்னக் காசு என்று பொருள்படும் பெயர். கீசா பிரமிடின் கற்களில் இந்தக் காசுகள் நிறைந்திருக்கின்றன. அங்கே பருப்பு மாதிரி சிதறிக் கிடந்த கற்களை, பிரமிடு கட்டியவர்கள் தின்று மிச்சம் வைத்த உணவு கல்லாகிவிட்டது என்று ஊரார் சொன்னதாக 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். லடாக் மலைகளிலும் நம்முலைட் சுண்ணாம்புக்கல் உண்டு, அது கடலாக இருந்த காலத்தின் மிச்சம். இதையெல்லாம் படிக்கும்போது மனம் பூரித்துப்போகிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் 2010லும் 2016லும் பவளங்கள் கடல் சூட்டில் வெளுத்ததை நினைத்தால் அடுத்த நிமிடமே அது வடிந்துவிடுகிறது.

சரி, இப்போது ஏன் கவலை? வேகம். அந்தப் பழைய சூட்டில் கார்பன் வந்த வேகம் உச்சத்திலேயே ஆண்டுக்குச் சுமார் 110 கோடி டன் என்று 2016ல் ஒரு கணக்கு சொன்னது. இன்று நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டன் விடுகிறோம். மெதுவாக வந்தால், கடலடிச் சுண்ணாம்பு கரைந்து புளிப்பை முறிக்க நேரம் கிடைக்கும். பிறகு மழை பாறைகளைக் கரைத்து ஆறுகள் வழியாகக் கடலுக்குச் சுண்ணாம்பு கொண்டுவரும். வால்விஸ் மண்ணில் வெள்ளை திரும்பியது அப்படித்தான். அதற்கே லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இன்னொன்று, நம் கடலுக்கே உரியது. அப்போது இந்தியா நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்தது, அதற்கு வடக்கே டெத்திஸ் கடல் இன்னும் மூடவில்லை. இன்று வங்கக் கடலில் வடக்கே போகும் மீன் வங்காளக் கரையில் முட்டி நிற்கும். நகர்வு தொடங்கிவிட்டது. மலபார்க் கரையின் மீனாகவே இருந்த மத்தி, எங்கள் பக்கம் பேச்சாளை என்போம், கடந்த சில பத்தாண்டுகளில் கிழக்குக் கரையிலும் நன்றாகப் பரவிவிட்டது. தொண்டியிலிருந்து காரைக்குடிக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் கேட்டேன். "எங்கம்மா யாவாரம் பாத்தப்ப இது இவ்வளவு வராது சார்" என்றார். அந்த மாணவியிடம் இதையும் சொன்னேன். "வடக்கே கரை வந்துட்டா அப்புறம் எங்கே சார் போகும்?" என்று கேட்டாள். கரையை விட்டு இன்னும் ஆழத்துக்குப் போகலாம், அங்கே உயிர்வளி குறைவு என்றேன்.