தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் திருப்பாதீர்கள்: கார் இன்சூரன்ஸ் கேள்வி பதில்

குத்தாலத்திலிருந்து ஓர் ஆசிரியர்: ஐயா, என் பெட்ரோல் கார் 1197 சிசி, வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இன்சூரன்ஸ் புதுப்பிக்க ஏஜென்ட் 11,400 ரூபாய் கேட்கிறார். செல்போனில் பார்த்தால் 7,900 என்று வருகிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஊருக்குள் ஓடும் வண்டிதானே, தேர்டு பார்ட்டி மட்டும் போட்டால் போதாதா?

சார், முதலில் அந்த இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐடிவி என்ற வரியைப் பாருங்கள், அதுதான் பாலிசியில் உங்கள் வண்டிக்கு எழுதியிருக்கும் மதிப்பு. வண்டி திருடு போனாலோ, சரிசெய்யும் செலவு ஐடிவியில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டாலோ கைக்கு வரும் தொகை அதை வைத்துத்தான். ஐந்து வயது வரை அதற்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு. உங்கள் வண்டி அதைத் தாண்டிவிட்டது, இனி நீங்களும் கம்பெனியும் ஒத்துக்கொள்ளும் தொகைதான். ஒருவர் 3,20,000 போட்டிருப்பார், இன்னொருவர் 2,10,000 போட்டுவிட்டு "எங்களிடம் மலிவு" என்பார். அது மலிவே இல்லை, உங்கள் வண்டியின் விலையைக் குறைத்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒரே ஐடிவியை வைத்துத் திரும்பக் கேளுங்கள், பாதி வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும்.

தேர்டு பார்ட்டி பிரீமியம் எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒன்றுதான், அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி 1000 சிசி வரை 2,094, 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆகவே பேரம், தள்ளுபடி எல்லாமே உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில்தான். அங்கே இன்னொன்றையும் பாருங்கள். செல்போனில் "போன வருடம் கிளைம் வாங்கினீர்களா" என்று கேட்கும், நாம் அவசரத்தில் "இல்லை" என்று தட்டிவிடுவோம், உடனே கிளைம் வாங்காதவர்களுக்கான தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் கழிந்து தொகை குறையும். பொய்யாகத் தட்டியிருந்தால் பிறகு விபத்து நடக்கிறபோது அந்த ஒரு தட்டலைக் காட்டியே கிளைமை மறுக்கப் பார்ப்பார்கள்.

தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா என்றால், சட்டத்துக்குப் போதும், போலீஸ் நிறுத்தினால் போதும். உங்கள் வீட்டுக்குப் போதாது. அந்தப் பாலிசி நீங்கள் மோதிய அடுத்தவருக்கானது. உங்கள் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து திருநள்ளாறு வருகிற உங்கள் அம்மா அந்தக் கணக்கில் "அடுத்தவர்" ஆக மாட்டார். சொந்தக் காரில் சும்மா ஏறி வருகிறவர்களுக்கு அந்தக் குறைந்தபட்சப் பாலிசியில் பொறுப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்கிறோமே, அந்தப் பேக்கேஜ் பாலிசியில்தான் அவர்களுக்கும் சேர்த்துக் காப்பு உண்டு. குடும்பத்தோடு போகிற வண்டிக்கு இதை விட்டுவிட்டு மிச்சம் பிடிக்காதீர்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வேன்.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை ஏறியபோது முற்றத்தில் நின்ற கார்கள் மேல் தென்னை விழுந்ததை வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புயல், வெள்ளம், மரம் விழுவது எல்லாம் ஓன் டேமேஜில் அடங்கும். தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தால் இதில் ஒரு ரூபாய் வராது.

எங்கே குறைக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். "முதல் 5,000 வரை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் ஓன் டேமேஜ் குறையும், நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கு நல்லது. வண்டி ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச விபத்துக் காப்பு வேறு வண்டியிலோ தனிப் பாலிசியிலோ ஏற்கெனவே இருந்தால் இரண்டாம் முறை எடுக்க வேண்டாம். சாவி தொலைந்தால், பெட்டி தொலைந்தால் என்று வரும் சில்லறைச் சேர்க்கைகளையும் தள்ளிவிடலாம். அப்புறம், சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போகாதீர்கள். பம்பர் 4,000 ரூபாய் என்று வையுங்கள், உதிரிபாகத் தேய்மானத்தைக் கழிக்காத பம்பர் டு பம்பர் சேர்க்கை போடாத பாலிசியில் பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம் போய் 2,000, உங்கள் பங்காகக் கட்டாயம் கழிக்கும் 1,000 போனால் மிச்சம் 1,000. அதற்காக ஐந்து வருடம் சேர்த்த 50 சதவீத போனஸை விட்டுவிட்டு அடுத்த வருடம் சுழியிலிருந்து தொடங்குவதா?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி: போன மழையில் வாசலில் நின்ற காருக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. காலையில் தண்ணீர் வடிந்ததும் என் கணவர் ஸ்டார்ட் செய்து பார்த்தார், இரண்டு முறை முக்கிவிட்டு நின்றுவிட்டது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தும் இன்ஜினுக்குப் பணம் தர மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். இது நியாயமா?

அம்மா, படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. இதே கதையைச் சேத மதிப்பீடு செய்த காலத்தில் மழைக்கு மழை பார்த்திருக்கிறேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு பட்டறையில் நான் பார்க்கப் போன கார் இன்னும் கண்ணில் நிற்கிறது. கதவு உள்பக்கத்தில் வாய்க்கால் வண்டல் ஒரு கோடாகக் காய்ந்திருந்தது, சீட்டுக்கு நாலு விரல் மேலே. மெக்கானிக் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார், உள்ளே மடிப்பு மடிப்பான காகிதம் ஊறித் தொங்கியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் இன்ஜினைச் சுற்றினார், அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் பீறிட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது, பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் வழிவிடாது, ராடுதான் வளையும்.

கம்பெனி சொல்வது இதுதான்: தண்ணீர் ஏறியது வெள்ளம், ராடு வளைந்தது வெள்ளத்தால் அல்ல, அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்ததால். சாதாரண ஃபுல் இன்சூரன்ஸில் இந்தப் பின்விளைவுச் சேதத்துக்கு இடமில்லை. இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால் வந்திருக்கும். வாய்க்கால் ஓரத்தில் வீடு வைத்திருக்கிற நம் ஜனங்களிடம் விற்கும்போது இதை முதல் வரியாகச் சொல்ல வேண்டாமா? பம்பர் டு பம்பர் போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நம்ப வைக்கிறார்கள், அது உதிரிபாகத் தேய்மானத்துக்கானது, தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என்னைக் கேட்டால் டெல்டாவில் இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இன்ஜின் புரொடெக்டை வாங்கச் சொல்வேன். பழைய வண்டிக்கு எல்லாக் கம்பெனியும் தராது, வயசு வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. இன்ஜினை மறுத்தார்கள், சரி, சீட், கார்பெட், வயரிங், கழுவிச் சுத்தம் செய்த கூலி? அதெல்லாம் நேரடி வெள்ளச் சேதம், அதையும் சேர்த்து மறுத்திருந்தால் விடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு, அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரிக்கு, எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஒரு வருடக் கெடு இருக்கிறது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

இனி எப்போது தண்ணீர் ஏறினாலும், வடிந்துவிட்டதே என்று யாரும் சாவியைத் திருப்ப வேண்டாம், ஒரு முறைகூட. தண்ணீர் நிற்கும்போதே சக்கரம் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், கம்பெனிக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள், முடிந்தால் மெக்கானிக்கை விட்டு பேட்டரி வயரைக் கழற்றுங்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள். உங்கள் கணவரைக் கோபிக்காதீர்கள் அம்மா, யாருக்கும் முதலில் தோன்றுவது கிளப்பிப் பார்ப்போம் என்பதுதான்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி: மச்சானிடமிருந்து கார் வாங்கினேன். அவர் பெயரில் இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, 45 சதவீத போனஸோடு. அப்படியே ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள் தம்பி. வண்டி கைமாறினால் தேர்டு பார்ட்டி தானாகக் கூடவே வந்துவிடும், ஓன் டேமேஜ் வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். போனஸ் வண்டிக்கு அல்ல, ஆளுக்கு. அது மச்சானுடையது, அவர் புது வண்டிக்கு எடுத்துப் போவார், மீதி மாதங்களுக்கான வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். ஆர்சி புக்கில் உங்கள் பெயர், பாலிசியில் அவர் பெயர் என்று இருக்கும்போது விபத்து நடந்தால் உறவுக்குள்ளும் சங்கடம்.

நாகப்பட்டினத்திலிருந்து: ஓன் போர்டு காரை வேளாங்கண்ணி சீசனில் மட்டும் வாடகைக்கு விடுகிறேன். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, பயமில்லைதானே?

பயப்பட வேண்டும். சொந்த உபயோகத்துக்கென்று எழுதிய பாலிசி வாடகைச் சவாரியில் செல்லாது, டீசல் காசு மட்டும்தான் வாங்கினேன் என்று சொன்னாலும் விசாரணையில் பயணிகள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். வண்டி போவதோடு, அடிபட்டவர்களுக்கான இழப்பீடும் உங்கள் தலையில் விழலாம். சீசன் வருமானம் வேண்டுமென்றால் டி போர்டுக்கு, அதாவது வாடகை வண்டிப் பதிவுக்கு, மாற்றி அதற்கான பாலிசி போடுங்கள்.

திருவையாற்றிலிருந்து: பாலிசி முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அறுவடை வேலையில் மறந்துபோனேன். போனஸ் போய்விட்டதா?

இன்னும் போகவில்லை. முடிந்த நாளிலிருந்து 90 நாள் வரை போனஸ் உயிரோடு இருக்கும், 91ஆம் நாள் போய்விடும். கம்பெனி வண்டியைப் பார்த்த பிறகுதான் ஓன் டேமேஜ் தரும், இப்போது பல இடங்களில் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள், அதனால் வண்டியைக் கழுவி வெளிச்சத்தில் நிறுத்துங்கள். அதுவரை ரோட்டில் எடுக்காதீர்கள், பிடிபட்டால் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம், ஜெயில் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. நாளைக் காலையிலேயே போன் போடுங்கள்.