நின்றுபோன ரயில் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எனக்கு 31 வயது. மும்பை சயான் கோலிவாடாவில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். வாஷி மார்க்கெட்டில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலை. பத்தாவதோடு மேத்ஸை விட்டுவிட்டு காமர்ஸ் படித்தவள். இந்த வருஷம் இணையவழியில் கம்ப்யூட்டர் சம்பந்தமான ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்தேன். முதல் பருவத்திலேயே கால்குலஸ் இருக்கிறது. ஜி.டி.பி. நகரிலிருந்து வாஷிக்குப் போகும்போதும் வரும்போதும் ரயிலில் வீடியோ பார்க்கிறேன். மூன்று வாரத்தில் 27 வீடியோ முடித்துவிட்டேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. ஆனால் வாராவாரம் வரும் அசைன்மென்டில் பத்துக்கு இரண்டு, மூன்றுதான்.

போன வாரம் ஒரு கணக்கு. புறப்பட்ட ஒரு வண்டி, நேரத்தின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் எவ்வளவு வருமோ அத்தனை மீட்டர் போகிறது. சரியாகப் பத்தாவது விநாடியில் அதன் வேகம் என்ன? எனக்கு 0 வருகிறது. தவறு என்று சிவப்பில் காட்டியது. லிமிட் வீடியோவை மூன்று தடவை திரும்பப் பார்த்தேன். மறுபடியும் 0. அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். இன்னொன்று, நேரத்தோடு கூட்டும் சின்ன அளவை ஹெச் என்கிறார்கள். அது பூஜ்யம் இல்லை என்று சொல்லி அதால் வகுக்கிறார்கள், கடைசியில் அதையே பூஜ்யம் என்கிறார்கள். ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது.

இங்கிலீஷ்தான் பிரச்சினையா, வயசா, இல்லை ஆன்லைன் படிப்பே எனக்கு ஒத்துவராதா? அண்ணன் மகன் பதினொன்றாவது சயின்ஸ். அவனிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. நீங்கள் ஆன்லைனில் கால்குலஸ் படித்ததாக எப்போதோ எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன், கடிதத்தை அப்புறம்தான் படித்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது, கணக்கு எழுதுகிறவர் கை. மூன்றாவது வரியில் (10 + ஹெச்)² என்பதை 100 + ஹெச்² என்று விரித்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே உள்ள ஐந்து வரிகளிலும் ஒரு பிழை இல்லை. லிமிட்டை நீங்கள் சரியாகவே எடுத்திருக்கிறீர்கள்! தெரிந்த பாடத்தை மூன்று தடவை திரும்பப் பார்த்துவிட்டு, எட்டாம் வகுப்பில் படித்த ஒரு வரியில் வழுக்கி விழுந்திருக்கிறீர்கள்.

அ கூட்டல் ஆ முழுவதின் வர்க்கம் என்ன என்று உங்களை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். தெரியாமல் செய்த பிழை இல்லை இது. புதிய விஷயம் ஒன்றின் மேல் கவனம் முழுவதும் இருக்கும்போது, பழைய விஷயத்தைக் கை தன் போக்கில் எழுதிவிடும். கால்குலஸில் தடுக்கி விழுகிறவர்கள் பலரும் விழுவது இயற்கணிதத்தில்தான்.

நம் ஊர்க் கணக்காகவே இதைச் சொல்கிறேன். பத்துக்குப் பத்து அறை. அதில் குடியிருந்தவர்களுக்கு அளவு மனப்பாடம், 100 சதுர அடி. ஒரு சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுகிறீர்கள், ஹெச் அளவு. பக்கத்துச் சுவரையும் அதே அளவு தள்ளுகிறீர்கள். கூடுதலாக என்ன கிடைத்தது? இரண்டு சுவர் ஓரமாகவும் பத்தடி நீளத்துக்கு ஒவ்வொரு பட்டை. இரண்டும் சேர்ந்து 20 ஹெச். அப்புறம் மூலையில் ஹெச்சுக்கு ஹெச் ஒரு துணுக்கு. நீங்கள் என்ன செய்தீர்கள் என்றால், இரண்டு பட்டைகளையும் விட்டுவிட்டு மூலைத் துணுக்கை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். மூலையில் ஒரு குடம்கூட வைக்க முடியாது. கிடைத்த இடமெல்லாம் பட்டைகளில்தான் இருக்கிறது.

விடையும் அங்கேதான் இருக்கிறது. 20 ஹெச்சும் ஹெச்சின் வர்க்கமும் சேர்ந்ததை, கணக்கில் உள்ள 4-ஆலும் கூடுதல் நேரமான ஹெச்சாலும், அதாவது 4 ஹெச்சால் வகுத்தால், 5-உம் ஹெச்சில் கால் பங்கும் கிடைக்கும். ஹெச் சுருங்கச் சுருங்க அந்தக் கால் பங்கு தேய்ந்துபோகும், 5 நிற்கும். விநாடிக்கு 5 மீட்டர், மணிக்கு 18 கிலோமீட்டர். உங்கள் விடைப்படி வண்டி பத்தாவது விநாடியில் அசையாமல் நிற்கிறது. ஜி.டி.பி. நகரில் புறப்பட்ட வண்டி பத்து விநாடி கழித்து எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிளாட்பாரத்தில் ஓடிவந்து ஏறப் பார்ப்பவரைப் பெட்டியில் இருப்பவர்கள் ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கத்தும் வேகம் அது. விடை 0 என்று வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, ‘வண்டி நிற்குமா?’ என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பிழை லிமிட்டில் இல்லை என்று தெரிந்திருக்கும்.

ஹெச் விஷயத்தில் உங்களுக்கு வந்த சந்தேகம் சாதாரணமானதல்ல. 1734-இல் ஜார்ஜ் பெர்க்லி என்ற அயர்லாந்துப் பாதிரியார் இதையேதான் கேட்டார். பூஜ்யம் இல்லை என்று சொல்லி வகுத்துவிட்டு அப்புறம் பூஜ்யம் என்று தள்ளிவிடுகிறீர்களே, இவை மறைந்துபோன அளவுகளின் ஆவிகளா என்று கிண்டல் செய்தார். கால்குலஸை உருவாக்கிய இருவரில் நியூட்டன் அப்போது இறந்து ஏழு வருஷம். இன்னொருவரான லைப்னிட்ஸ் தன் முறையை அச்சில் வெளியிட்டு ஐம்பது வருஷம். இருந்தும் பெர்க்லிக்கு ஒழுங்கான பதில் வர கணித மேதை கோஷியின் 1821-ஆம் வருஷத்துப் பாடநூலும், அதற்குப் பிறகு வையர்ஸ்ட்ராஸ் என்ற இன்னொரு கணித மேதையும் வர வேண்டியிருந்தது. பதில் இதுதான்: ஹெச்சை யாரும் பூஜ்யம் ஆக்குவதில்லை. ஒரு விநாடி கூட்டிப் பாருங்கள், சராசரி வேகம் 5.25. பத்தில் ஒரு பங்கு விநாடி கூட்டினால் 5.025. நூறில் ஒரு பங்கு என்றால் 5.0025. இந்த வரிசை எந்த எண்ணை நெருங்குகிறது என்று மட்டும்தான் கேட்கிறோம். அதற்குப் பெயர்தான் எல்லை, உங்கள் வீடியோ சொல்லும் லிமிட். இந்த மூன்று எண்களையும் கால்குலேட்டரில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். சூத்திரத்தை விட அது மனசில் நிற்கும்.

இனி ஆன்லைன் ஒத்துவருமா என்ற கேள்வி. என் கதையைச் சொல்கிறேன். ஒரு அறிவியல் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, மாறுவீதம் என்று எழுதிவிட்டு, அதன் பொருள் எனக்கே தெரியவில்லை என்று உறைத்தது. 44 வயதில் ஒரு இணைய வகுப்பில் சேர்ந்தேன். டோம்பிவிலியிலிருந்து சி.எஸ்.எம்.டி. போகும் ஃபாஸ்ட் லோக்கலில், ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோ ஓடவிட்டு, தலையாட்டிக்கொண்டே பார்த்தேன். ஆசிரியர் போர்டில் வழுக்காமல் போட்டுக்கொண்டே போவதைப் பார்த்தால் நமக்கும் வருகிற மாதிரியே இருக்கும். ஐந்தாவது வாரத்தில் சங்கிலி விதி என்ற பாடம் வந்தது. நான் இறங்கிவிட்டேன்.

இரண்டாம் முறை சேர்ந்தபோது எங்கள் பில்டிங்கில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பேன். விடையை அவர் பார்க்கவே மாட்டார். முதல் வரியின் கீழ் ஸ்கேலை வைப்பார், படிப்பார், ஸ்கேலைக் கீழே இறக்குவார். ஏதோ ஒரு வரியில் ஸ்கேல் நகராது. எதுவும் சொல்ல மாட்டார், அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். ஸ்கேல் நின்ற இடமெல்லாம் ஒரே மாதிரி இடம் என்பது எனக்குப் புரிய நாலு வாரம் ஆயிற்று. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறந்துவிடுவேன். எப்போதும் அதே பிழை. கால்குலஸ் வராது என்று முடிவுகட்டியிருந்த எனக்கு வராமல் இருந்தது இந்த ஒன்றுதான்.

இணைய வகுப்பில் எல்லாம் இருக்கிறது, அந்த ஸ்கேல் மட்டும் இல்லை. விடையைப் போடும் கட்டத்துக்கு உங்கள் மூன்றாவது வரி தெரியாது. 0 என்றால் தவறு, 5 என்றால் சரி, அவ்வளவுதான். நல்ல ஆசிரியரின் விளக்கத்துக்கு இன்று பஞ்சமே இல்லை. எம்.ஐ.டி.யின் முதலாண்டு கால்குலஸ் வகுப்பு டேவிட் ஜெரிசன் நடத்தியது முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. அதே இடத்தில் 1970-இல் ஹெர்பர்ட் கிராஸ் எடுத்த கறுப்பு வெள்ளை வகுப்புகளும் இருக்கின்றன. அவற்றின் நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல்.-இலும் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் இதையெல்லாம் இப்போது தொடாதீர்கள். ஒரு வகுப்பில் விழுந்தவுடன் அடுத்த வகுப்புக்குத் தாவுவது எனக்கும் இருந்த வியாதி. ஏற்கெனவே 27 பார்த்துவிட்டீர்கள். 28-ஆவது எங்கேயும் ஓடிவிடாது.

இங்கிலீஷ் கொஞ்சம் காரணம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழிக் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதி இலவச பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. சார்பு (ஃபங்ஷன்), வகைக்கெழு (டெரிவேட்டிவ்) என்ற சொற்கள் முதலில் முறைத்துப் பார்க்கும். பழகிவிட்டால், வீடியோவில் அதே விஷயத்தை இங்கிலீஷில் கேட்கும்போது பயம் போய்விடும். வயசைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நான் சேர்ந்ததே 44-இல்.

ரயில் நேரத்தை மாற்றிப் போடுங்கள். காலை வண்டியில் வீடியோ வேண்டாம். முந்தின இரவு ஒரே ஒரு கணக்கைப் பேப்பரில் போட்டு, எந்த வரியில் மாட்டிக்கொண்டீர்களோ அதோடு படுத்துவிடுங்கள். காலையில் மான்குர்டு தாண்டிப் பாலத்தில் போகும்போது அந்த வரியை மனசில் உருட்டுங்கள். சாயங்காலம் திரும்பும்போது வீடியோவில் அந்த இடத்தை மட்டும் பாருங்கள். அதே வீடியோதான், ஆனால் தேடிக்கொண்டு போகிறவர் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியும். லேடீஸ் பெட்டியில் கீரை ஆய்ந்துகொண்டும் பட்டாணி உரித்துக்கொண்டும் வீட்டு வேலையைப் பாதி முடித்துவிடுகிறார்கள், நீங்கள் ஒரு வரியை உருட்ட முடியாதா?

ஃபோனில் வரைபடம் போடும் டெஸ்மோஸ் செயலி இருந்தால் இந்த வண்டியின் வரைபடத்தைப் போட்டு, பத்து என்ற இடத்தில் இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். வளைகோடு நிமிர்ந்து நேர்கோடாகிவிடும். அந்த நேர்கோட்டின் சாய்வு 5. இதைக் கண்ணால் பார்த்த அன்றைக்குத்தான் வகைக்கெழு என்றால் என்ன என்று எனக்கு நிஜமாகப் புரிந்தது. போட்டோ எடுத்தால் கணக்கைப் போட்டுக் கொடுக்கும் செயலிகளும் உண்டு. உங்கள் எட்டு வரியையும் எழுதி முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அவற்றைத் திறங்கள். முன்னாலேயே திறந்தால் அதுவும் இன்னொரு வீடியோ பார்த்த கதைதான்.

இன்றிரவு ஒரு சோதனை. 1-ஐ (எக்ஸ் + ஹெச்)-ஆல் வகுத்ததிலிருந்து, 1-ஐ எக்ஸால் வகுத்ததைக் கழித்து ஒரே பின்னமாக்குங்கள். எக்ஸ் வர்க்கம் கழித்தல் 9-ஐக் காரணிப்படுத்துங்கள். (எக்ஸ் + ஹெச்)-இன் கனத்தை விரியுங்கள். பத்து நிமிஷத்தில் மூன்றும் சரியாக வந்தால் வகுப்பைத் தொடருங்கள். இரண்டு தவறினால் ஒரு வாரம் புதிய வீடியோவே பார்க்காமல் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு இயற்கணிதத்துக்குப் போய்விட்டு வாருங்கள். அசைன்மென்ட் மதிப்பெண் கொஞ்சம் போகும், போகட்டும். ஆனால் உங்கள் படிப்பில் இந்தப் பாடத்திலிருந்து விலகக் கடைசித் தேதி எது என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தெரியாமல் ஒரு பருவக் கட்டணம் போயிற்று. இறுதித் தேர்வை மையத்துக்குப் போய் எழுத வேண்டுமா என்றும் பாருங்கள். அங்கே வீடியோவை நிறுத்தித் திரும்பப் பார்க்கும் வசதி கிடையாது.

கடைசியாக, அண்ணன் மகன். நீங்கள் தேடுகிற ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறான், அதே அறையில் உட்கார்ந்து இதே பாடத்தைப் படித்துக்கொண்டு! சொல்லிக்கொடு என்று கேட்டால்தான் வெட்கம். சொல்லிக்கொடுக்கச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நோட்டை அவனிடம் கொடுத்து, ‘அத்தை எந்த வரியில் தப்பு பண்ணியிருக்கேன், கண்டுபிடி பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். பதினாறு வயசுப் பையன்களுக்குப் பெரியவர்களின் தப்பைக் கண்டுபிடிப்பதை விடப் பிடித்த வேலை கிடையாது. ஒரு பிழைக்கு ஒரு வடாபாவ் என்று பேசிக்கொள்ளுங்கள். முதல் மாதம் கொஞ்சம் செலவாகும்.

அடுத்த கடிதத்தில் எத்தனை வீடியோ முடித்தீர்கள் என்று எழுத வேண்டாம். நோட்டின் போட்டோவை அனுப்புங்கள், அடித்த வரிகளோடு.

அன்புடன்.