வயர்லெஸ் வெப்கேம்: வாங்கும் முன் கேட்டவை, வாங்கிய பின் கேட்டவை

மேஜை முழுக்க வயர். வயர்லெஸ் வெப்கேம் வாங்கினால் ஒரு வயராவது குறையுமா?

குறையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி வயர் படத்தைக் கொண்டுபோவதோடு கேமராவுக்கு மின்சாரமும் கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் பேட்டரி வேண்டும், பேட்டரிக்கு சார்ஜர் வேண்டும். வீடியோவைச் சுருக்கிச் சுருக்கி இடைவிடாமல் அனுப்பும் வேலை பேட்டரியை வேகமாகக் காலி செய்துவிடும் என்பதால், தினமும் மீட்டிங் உள்ளவர்கள் கடைசியில் சார்ஜரைச் செருகியபடியேதான் வைத்திருக்கிறார்கள். லேப்டாப்புக்குப் போன வயர் இப்போது சுவர் பிளக்குக்குப் போகிறது, அவ்வளவுதான். கேமரா மானிட்டர் மேலேயேதான் உட்காரப்போகிறது என்றால் சாதாரண யூஎஸ்பி கேமராவே வாங்கி, வயரை மானிட்டருக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

வயர்லெஸ் கேமரா மாட்டியதிலிருந்து என் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகிறது என்கிறார்கள். இன்டர்நெட் பிளானை மாற்றியும் சரியாகவில்லை.

பிளானை மாற்றினால் சரியாகாது, ஏனென்றால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. 1080பி வீடியோவை நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்குச் சுமார் 1,000 மெகாபிட் ஆகும், வீட்டு வைஃபை அதைத் தாங்காது. அதனால் கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்க வேண்டும், காற்றில் அனுப்ப வேண்டும், இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு விரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் நேரம் போகிறது. உங்கள் மைக் லேப்டாப்பிலேயே இருக்கிறது, குரல் உடனே போய்விடுகிறது. ஆக, சத்தம் முதலில், படம் பிறகு.

இதுதான் நம் மூளைக்குக் கொஞ்சமும் பிடிக்காத வரிசை. இயற்கையில் ஒளி முந்தும், ஒலி பிந்தும். மின்னல் வெட்டிய பிறகுதான் இடி கேட்கும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது: சத்தம் 125 மில்லிசெகண்ட் பிந்தும் வரை பெரும்பாலும் தெரியாது, ஆனால் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே தெரிந்துவிடும். வயர்லெஸ் கேமரா தவறுவது சரியாக அந்த இரண்டாவது பக்கத்தில்.

எவ்வளவு தாமதம் என்று நீங்களே அளக்கலாம். கேமரா முன் ஒருமுறை கை தட்டி ரெக்கார்ட் செய்து, எடிட்டரில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். ஒலிக்கோடு எகிறும் இடத்திலிருந்து இரண்டு கையும் படத்தில் சேரும் இடம் வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் சுமார் 33 மில்லிசெகண்ட். ஐந்து ஃபிரேம் தள்ளி இருந்தால் 165 வந்துவிட்டது. ரெக்கார்டிங் மட்டும் என்றால் ஓபிஎஸ் மென்பொருளில் மைக்கை அதே அளவு தாமதப்படுத்திவிடலாம். மீட்டிங்குக்கு எளிய வழி, கேமராவிலேயே மைக் இருந்தால் அதைப் பயன்படுத்துவது. குரலும் படமும் ஒரே பாதையில் வரும்போது பொதுவாகச் சேர்ந்தே வரும். கேமராவுக்கு எட்ட உட்கார்ந்தால் குரல் கொஞ்சம் எதிரொலிக்கும், பரவாயில்லை.

கேமராவை வைஃபையின் எந்த அலைவரிசையில் போடுவது, 2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா?

ரவுட்டரும் கேமராவும் ஒரே அறை என்றால் யோசிக்காமல் 5. நடுவில் சுவர்கள் இருந்தால் 2.4 நன்றாகப் போய்ச் சேரும், ஆனால் அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: லேப்டாப்பும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் கேமராவிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு மறுமுறை என இரண்டு தடவை காற்றில் போகிறது. லேப்டாப்பை ஈதர்நெட் வயரில் ரவுட்டரோடு இணைத்துப் பாருங்கள், பாதிச் சுமை அப்போதே குறையும்.

ப்ளூடூத் வெப்கேம் கிடைக்குமா?

தேடாதீர்கள். ப்ளூடூத்தின் வேகம் ஏட்டளவிலேயே நொடிக்கு 3 மெகாபிட்தான். பாட்டுக்குப் போதும், நல்ல வீடியோவுக்குப் போதாது.

பழைய வைஃபை பாதுகாப்பு கேமராவையே வெப்கேமாக வைத்துக்கொள்ளலாமா? ஹேக் ஆகுமோ என்று பயம்.

வைக்கலாம், ஆனால் உங்கள் பயம் நியாயமானது. யூஎஸ்பி கேமரா வழியாக உங்களைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும். வைஃபை கேமரா அப்படியில்லை, அதுவே தனி பாஸ்வேர்டும் தனி மென்பொருளும் உள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். 2016ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்ட கேமராக்களில், சுமார் 60 ஜோடிப் பெயர்-பாஸ்வேர்டுகளை வைத்தே புகுந்தது. அந்த அக்டோபரில் அந்தக் கேமராக்களை ஏவி, இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் 'டின்' (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை.

எனவே பெட்டியைப் பிரித்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ரவுட்டரில் யூபிஎன்பி வசதியை (வீட்டுச் சாதனங்கள் தாமாகவே வெளி இன்டர்நெட்டுக்கு வழி திறந்துகொள்ள விடுவது) அணையுங்கள். அந்த மாடலுக்குக் கம்பெனி இன்னும் அப்டேட் தருகிறதா என்று பாருங்கள். தரவில்லை என்றால் தயவுசெய்து படுக்கையறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுவது இன்னும் நல்லது.

உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். கேமராவை அறை முழுக்க நகர்த்த வேண்டும். எனக்குமா வேண்டாம் என்கிறீர்கள்?

உங்களுக்குத் தாராளமாக வேண்டும். நகர்ந்துகொண்டே காட்ட வேண்டியவருக்கு வயர் காலில் மாட்டும், அரை நொடித் தாமதத்தைவிட அது மோசம். ஆனால் புதிதாக வாங்குவதற்கு முன் கையிலிருக்கும் போனை முயன்று பாருங்கள். ஐபோன் எக்ஸ்ஆர் அல்லது அதற்குப் பிந்தைய மாடல், அதில் ஐஓஎஸ் 16, மேக் கம்ப்யூட்டரில் மேக்ஓஎஸ் வென்ச்சுரா அல்லது அவற்றுக்குப் பிந்தைய பதிப்புகள் இருந்தால் போதும், வயரே இல்லாமல் அது வெப்கேமாகிவிடும். ஆண்ட்ராய்டுக்கும் இதற்கென ஆப்கள் இருக்கின்றன. மலிவான வெப்கேமைவிடப் போன் கேமராவின் படம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

கேமரா நகராது, ஆனால் எட்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

அப்படியானால் உங்களுக்குத் தேவை நீளமான வயர். சாதாரண யூஎஸ்பி 2.0 வயர் 5 மீட்டர் வரைதான், அதற்கு மேல் போனால் படம் விட்டுவிட்டு வரும். உள்ளேயே சிக்னலைத் தூக்கிவிடும் 'ஆக்டிவ்' எக்ஸ்டென்ஷன் வயர் என்று கேட்டு வாங்குங்கள்.