லௌடாவும் லௌண்டாவும்: தில்லிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தில்லிக்கு வேலைக்கு வந்து மூன்று வாரமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம், குளிருக்கு என்ன வாங்கலாம், அப்புறம் ஆபீஸிலும் ரோட்டிலும் வாய்க்கு வாய் காதில் விழும் 'லௌடா' எங்கிருந்து வந்த சொல், நாமும் சொன்னால் இவர்களோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளலாமா?

வாடகை நிலவரத்தை இப்போது வீடு மாறியவர்களிடம் கேளுங்கள். ஸ்வெட்டரை இங்கேயே வாங்குங்கள், நம்மூர் ஸ்வெட்டர் ஜனவரிக்குத் தாங்காது. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அது ஆண்குறியைச் சொல்லும் கெட்ட வார்த்தை. ஆனால் பிறந்த இடம் கெட்டதல்ல. சமஸ்கிருதத்தில் லகுடம் என்றால் தடி. பிராகிருதத்தில் நடுவிலிருந்த 'க' தேய்ந்து 'லஉட' ஆனது, அதுவே இந்தியில் லௌடா. பாசுபத சைவர்கள் வணங்கும் லகுலீசரின் பெயரிலும் அந்தத் தடிதான் இருக்கிறது. சிற்பங்களில் கையில் தடியோடு உட்கார்ந்திருப்பார். தடி, வால், பறவை என்று ஏதாவது ஒன்றிடம் கடன் வாங்கித்தான் பல ஊர்களிலும் அந்த உறுப்புக்குப் பெயர் வைக்கிறார்கள். லத்தீனில் பெனிஸ் என்றால் முதலில் வால். முன்னோர் வாலுக்கு வைத்த பெயர் இன்று சபையில் சொல்லக் கூடாததாகிவிட்டது என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கடிதத்தில் எழுதியிருக்கிறார். நாம் சின்னப் பையனுக்குக் குஞ்சு என்கிறோமே, அதுவும் அந்த வழிதான்.

சரி, நீங்கள் சொல்லலாமா? கூடாது தம்பி. அவர்கள் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிடுவதற்குப் பின்னால் பத்து வருஷப் பழக்கம் இருக்கும். புதிதாக வந்தவன் வாயில் அது வெறும் வசவு. இதைச் சொல்லித்தர நம் ஆட்களே முன்னால் நிற்பார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். இருபது வருஷம் இங்கே இருந்தும் பஸ் போர்டில் இருக்கும் இந்தியைப் படிக்கத் தெரியாது, ஆனால் ஏழு கெட்ட வார்த்தை சுத்தமாக வரும். அதை இந்தி தெரியும் என்று சொல்லிக்கொள்வார்கள். நான் ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தவன், அதில் எனக்குப் பெருமை உண்டு.

நான் 1991 ஜனவரியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினேன். கரோல் பாகில் மொட்டை மாடி பர்சாத்தி. ஒரே அறை, தகரக் கதவு. கீழே ஒரு பஞ்சாபி அம்மா டீக்கடை வைத்திருந்தார். டீ கொண்டுவந்து தருவது அவர் மகன், பத்து வயதிருக்கும். அறையில் கூட இருந்த நம்மூர்க்காரர் பையனுக்கு இந்தியில் லௌண்டா என்று சொல்லியிருந்தார். அது சரியான சொல்தான், கொஞ்சம் முரடு. பீகாரில் பெண் வேடம் கட்டி ஆடுபவருக்கும் அதே பெயர். அந்த லௌண்டா நாச் ஆடிய ராம்சந்திர மாஞ்ஜிக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் நடுவில் ஒரு 'ண்' இருக்கிறதே, அதை நான் விழுங்கிவிட்டேன். காலையில் கடையில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது, "உங்கள் லௌடா எங்கே?" என்று அந்த அம்மாவையே கேட்டேன்.

வடிகட்டி பிடித்த கை அப்படியே நின்றது. டீ கிளாஸ் நிரம்பி மேடையில் வழிந்தது. இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். பெஞ்சில் இருந்த வயதான சர்தார்ஜி ஒருவர்தான் கையை உயர்த்தித் தடுத்தார். "மதராசி ஹை க்யா?" என்றார். அந்தச் சொல் எனக்கு இன்றும் பிடிக்காது, மதுரைக்காரன் எப்படி மதராசி ஆவான்? ஆனால் அன்று அதுதான் காப்பாற்றியது. பக்கத்தில் உட்காரவைத்து, விரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, "லௌண்... டா" என்று மூன்று தரம் சொன்னார். நானும் சொன்னேன். பையனைக் கூப்பிட 'சோட்டு' போதும் பேட்டா என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், துணி வாங்க லாஜ்பத் நகர் போனால் உங்களுக்கும் நடக்கும். கடைக்காரர் 'சுன்னி' என்பார், சிரித்துவிடாதீர்கள். அது துப்பட்டா. நம் சொல்லோடு அதற்கு எந்த உறவும் இல்லை. நமக்கு டண்ணகரம், அவர்களுக்கு றன்னகரம்.

அந்த டீக்கடை அம்மா ஒரு மாதம் என்னிடம் காசு வாங்குவதோடு சரி, பேசவில்லை. பிப்ரவரியில் ஒருநாள் இரண்டு கையும் மாவாக இருந்தபோது, "மேரி சுன்னி பக்டா தே" என்றார். எனக்குக் காது சுட்டது. வாயைத் திறக்காமல் அவர் கண் போன இடத்தைப் பார்த்தேன். கொடிக்கயிற்றில் மஞ்சள் துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அன்றைய டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்.